செட்டை அளவு

ஈஸ்ட் ஹாம்,
லண்டன்.
12.02.2025, புதன்

அன்புத் தங்கச்சி பிறேமினிக்கு,

பூட்டிய கடைக்குள் இருந்து அண்ணை எழுதுகிறேன். உன் அண்ணியும் மகள் லக்‌ஷிகாவும் சுகம். என் முதுகு மட்டும் வழக்கம்போல முறைப்பாடு. நீ இருக்கிற மலைக்கு டெலிபோன் எடுத்தால் "என்ன? என்ன?" என்று இரண்டு பேரும் மாறிமாறிக் கேட்பதிலேயே நேரம் போய்விடுகிறது. ஆகவே இனிமேல் கடிதம்தான். நான் கையால் எழுதுவேன், என் மகள் படம் பிடித்து உனக்கு ஈமெயிலில் அனுப்புவாள். "அப்பா, டைப் பண்ணினால் என்ன?" என்கிறாள். பதினாறு வயதில் எல்லாம் சுலபம்.

முதலில் உன் வேலை. மியூசியத்தில் உள்ள எண்பத்தாறு ரீங்காரச்சிட்டுக்கும் இன்றோடு செட்டை, உன் பாஷையில் இறக்கை, அளந்து முடித்துவிட்டேன். தாள்களையும் இதோடு அனுப்புகிறேன். ஒக்டோபரில் தொடங்கியது, கிறிஸ்மசும் புதுவருஷமும் தவிர, கடை பூட்டுகிற புதன்கிழமை ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. அண்ணி கேட்கிறாள், கிழமையில் ஒரு நாள் லீவு, அதையும் செத்த பறவைகளோடு கழிக்கிற மனிசன் லண்டனில் வேறு யாரும் உண்டோ என்று.

உனக்குத் தெரியாமல் அவற்றுக்கு நான் பெயர் வைத்திருக்கிறேன். தாழ்நிலக் காட்டில் இருந்து வந்ததால் காட்டுக்காரன். நீல மண்டை, பிடரியில் ஒரு வெள்ளைப் பிறை, பச்சை முதுகு, பால் மாதிரி வயிறு. காலில் சீட்டுக் கட்டி, கண்ணுக்குப் பஞ்சு வைத்து, இழுப்பறையில் மல்லாக்காகக் கிடத்தியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்த நீலம் மங்கவில்லை. நான் தைக்கிற துணி மூன்று தோய்ச்சல் தாங்காது.

அறைக்குப் பொறுப்பான மிஸ்ஸிஸ் பெட்டிஃபர் இன்றைக்கு எனக்குச் சட்டையில் குத்துகிற பெயர் பட்ஜ் ஒன்று தந்தார். "மிஸ்டர் கஸ்பர், பறவைப் பகுதி" என்று அச்சடித்திருக்கிறது. உன் வேலை முடிந்தாலும் நான் தொடர்ந்து வந்து மற்ற ரீங்காரச்சிட்டுகளையும் அளந்து தரவேண்டுமாம். என் கை நடுங்குவதில்லையாம். இந்த நாட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம். குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் தந்த அகதிக் கடதாசிக்குப் பிறகு என் பெயரை ஒருவர் அச்சடித்துத் தந்தது இதுதான். அண்ணிக்குச் சொல்லவில்லை, ஆனால் பட்ஜைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ட்ரெயினில் வந்தேன்.

கடையில் புதினம் ஒன்று உண்டு. திருமதி ஞானேஸ்வரன் நவம்பரில் தைத்த பிளவுசோடு வந்து, கை இறுக்கம், அளவு பிழை என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டார். அன்றைக்கு அவருடைய அளவை எழுதிய துண்டுச்சீட்டு இன்னும் கம்பியில் குத்தி இருக்கிறது. நான் ஒரு துண்டையும் எறிவதில்லை என்பது உனக்குத் தெரியும். எடுத்துக் காட்டியிருந்தால் அவருடைய கைதான் பெருத்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நான் காட்டவில்லை. தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுக் கொடுத்தேன். துண்டு என் மனதுக்கு, ஊருக்குக் காட்ட அல்ல.

குளிருக்கு இரண்டு காலுறை போடு. சாப்பாட்டைத் தவறவிடாதே.

உன் அன்பு அண்ணை,
கஸ்பர்


சிம்பராசோ மலையடி,
எக்குவடோர்.
18.02.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கையெழுத்தைத் திரையில் பெரிதாக்கி வாசித்தேன். பட்ஜ் போட்ட படம் ஒன்று அனுப்பச் சொல்லி லக்‌ஷிகாவிடம் கேட்டிருக்கிறேன். நீங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் களவாக எடுக்கட்டும்.

இங்கே நாலாயிரம் மீற்றர் உயரம். பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்கவேண்டும். நீங்கள் காட்டுக்காரன் என்றதும் என்னுடையது மலைக்காரன் ஆகிவிட்டான். ஊதா மண்டை, வெள்ளை வயிற்றின் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. நிறையிலும் உருவத்திலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வாழ்க்கைதான் வேறு. காட்டுக்காரன் மரத்தின் உச்சியில் காற்றில் நின்றபடியே தேன் குடிப்பான், பக்கத்தில் வருகிறவனை எல்லாம் துரத்துவான். மலைக்காரன் பூவிலேயே காலை ஊன்றி உட்கார்ந்து குடிக்கிறான். இந்த மெல்லிய காற்றில் சும்மா பறந்து சக்தியை வீணாக்க அவனுக்குக் கட்டாது. விடியும்போது பாறைப் பொந்தில் ஒட்டிக்கொண்டிருப்பவனைத் தொட்டால் செத்தவன் மாதிரிக் குளிர்கிறான். வெயில் பட்டதும் அரை மணித்தியாலத்தில் எழுந்து பறக்கிறான்.

இப்போது முக்கியமான செய்தி. மெல்லிய காற்றில் உடம்பைத் தூக்க நீளமான இறக்கை வேண்டும், ஆகவே மலைக்காரனுக்குத்தான் இறக்கை நீளம் என்று எல்லோரும் இதுவரை நம்பியிருக்கிறார்கள். உங்கள் எண்பத்தாறையும் நான் இங்கே உயிரோடு பிடித்து அளந்த நாற்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வித்தியாசமே இல்லை, அண்ணை. இரண்டும் அறுபத்தெட்டரை மில்லிமீற்றர். அப்படியென்றால் மலைக்காரன் வேறு ஏதோ வழியால் சமாளிக்கிறான். பேராசிரியர் இதைக் கேட்டு இரண்டு தடவை டெலிபோன் எடுத்துவிட்டார். மார்ச் 27ஆம் திகதி கீற்றோ நகரத்தில் இருந்து நான் ஒன்லைனில் உரை நிகழ்த்தவேண்டும். மூன்று வருஷ ஆராய்ச்சி வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு ஆள் எடுக்கிறவர்களும் அதைக் கேட்பார்கள். எனக்கு இந்தச் செப்டம்பரோடு உதவிப்பணம் எல்லாம் முடிகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வேலை கிடைக்காவிட்டால் பறவையை விட்டுவிட்டு வேறு ஏதாவது தேடவேண்டியதுதான்.

இதில் பாதி உங்களுடைய வேலை. கட்டுரையில் "அளவுகள்: என் அண்ணை கஸ்பர்" என்று உங்கள் பெயர் வரும்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி பிறேமினி


ஈஸ்ட் ஹாம்,
05.03.2025, விபூதிப் புதன்

அன்புத் தங்கச்சிக்கு,

காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு அப்படியே மியூசியத்துக்குப் போனேன். மிஸ்ஸிஸ் பெட்டிஃபர் நெற்றி துடைக்க ஒரு ரிசுப் பேப்பரை எடுத்து நீட்டினார், இழுப்பறைத் தூசி பட்டுவிட்டதாக நினைத்து. நான் விளங்கப்படுத்தினேன். பாவம், மனிசிக்கு முகம் சிவந்துபோய் எனக்கு இரண்டு தரம் தேத்தண்ணி போட்டுத் தந்தார். இன்றைக்கு ஒருசந்தி விரதம், பால் இல்லாத தேத்தண்ணியைத்தான் குடித்தேன்.

பிள்ளை, ஒரு விஷயம் என் மண்டைக்குள் குடைகிறது. நீ மலைக்காரனைப் பற்றி எழுதியதில் இருந்து அவனைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. கேட்டேன், இங்கேயும் நாலு பேர் இருக்கிறார்கள், கடைசி இழுப்பறையில். நீ சொன்ன அதே ஊதா. இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே துணியில் இரண்டு தையல்காரர் தைத்தமாதிரி இருக்கிறது.

சும்மா இருக்க ஏலாமல் நாலு பேரையும் அளந்தேன். எண்பத்தாறையும் அளந்த அதே ரூலர், அதே கை. அறுபத்தொன்பதரைக்குக் கீழ் ஒருவனும் இல்லை. உன்னுடைய உயிருள்ள மலைக்காரனோ அறுபத்தெட்டரை. ஒரு மில்லிமீற்றர் இடிக்கிறது. காய்ந்த உடம்பு சுருங்கும் என்று நீதானே சொன்னாய்? அப்படியென்றால் இங்கே காய்ந்து கிடக்கிறவன்தான் கட்டையாக இருக்கவேண்டும். நீளமாக இருக்கிறானே. துணியில் இப்படி நடந்தால் நான் உடனே சொல்லிவிடுவேன், அளந்த அளவுநாடா இரண்டும் ஒன்றில்லை என்று.

நீ அங்கே செட்டையை எப்படி அளக்கிறாய்? என்னைப்போல் வளைவு போக ரூலரோடு அமத்தி அளக்கிறாயோ, அல்லது சும்மா படுக்கவிட்டு அளக்கிறாயோ? இரண்டு விதமாகவும் ஒருவனை அளந்து பார்த்தேன். அமத்தினால் ஒரு மில்லிமீற்றர் கூடுதலாக வருகிறது. உரைக்கு முதல் இதைப் பார்த்துவிடு, பிள்ளை. நான் படித்தவன் இல்லை, ஆனால் அளவு எனக்குத் தெரியும்.

உன் அன்பு அண்ணை,
கஸ்பர்


சிம்பராசோ மலையடி,
09.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்ததில் இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அமத்தினீர்களா? எண்பத்தாறையும்? உயிருள்ள பறவையின் இறக்கையில் ஓர் இயல்பான வளைவு இருக்கும். அந்த வளைவோடுதான் அளக்கவேண்டும். இங்கே நாங்கள் யாரும் அமத்துவதில்லை. அது துணி இல்லை, அண்ணை, சுருக்கம் எடுத்து அளப்பதற்கு. உங்களுக்கு அமத்தச் சொன்னது யார்?

நீங்கள் சொல்வது சரியென்றால் காட்டுக்காரனின் உண்மையான நீளம் அறுபத்தேழரைதான். மலைக்காரன் ஒரு மில்லிமீற்றர் நீளம். புத்தகங்கள் சொன்னதுதான் சரி. நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றுமே இல்லை. உரைக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. உரையின் சுருக்கத்தை நான் அனுப்பி, அவர்கள் அச்சடித்தும் விட்டார்கள்.

தயவுசெய்து மிஸ்ஸிஸ் பெட்டிஃபரிடம் இதைப்பற்றி இப்போது ஒன்றும் கதைக்கவேண்டாம். என்ன செய்வதென்று நான் யோசிக்கவேண்டும். உங்களோடு கோபம் இல்லை. பயமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

பிறேமினி


ஈஸ்ட் ஹாம்,
12.03.2025, புதன்

அன்புத் தங்கச்சிக்கு,

முதலில் சாப்பிடு. பட்டினி கிடந்து எந்த மில்லிமீற்றரும் திரும்பி வராது.

அமத்தச் சொன்னது நீதான், பிள்ளை. ஒக்டோபரில் நீ போகிறதுக்கு முதல் கிழமை என் கடைக்கு வந்தாய். மேசையில் நின்றபடியே ஒரு துண்டில் படம் கீறி, எங்கிருந்து எங்கே அளக்கிறது என்று எழுதித் தந்தாய். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதன்படிதான் செய்தேன். நான் தையல்காரன் என்பதால் என் இஷ்டத்துக்கு அமத்தினேன் என்று நினைக்கிறாயோ? தையல்காரன் சொந்த அளவு வைப்பதில்லை. தந்த அளவுக்குத்தான் வெட்டுவான்.

அதை விடு. பிழை யாருடையது என்று பார்க்க இப்போது நேரம் இல்லை. எண்பத்தாறையும் நான் திரும்ப அளக்கிறேன், அமத்தாமல். இங்கே பழக்கம் வந்துவிட்டது, ஒரு நாளைக்கு இருபது ஏலும். நீ சொன்னால் மற்ற நாளிலும் கடையைப் பூட்டிப்போட்டுப் போகிறேன். பத்து நாளில் உன் கையில் இருக்கும். உரையில் எழும்பி நின்று, முதல் அளவு பிழை, திருத்தி அளந்தோம், இதுதான் சரி என்று சொல்லு. அளவு பிழைத்ததைச் சொல்லித் திருத்திக் கொடுக்கிற ஆளிடம்தான் சனம் திரும்ப வரும்.

சரியென்று ஒரு வரி எழுது, உடனே தொடங்குகிறேன்.

உன் அன்பு அண்ணை,
கஸ்பர்


சிம்பராசோ மலையடி,
15.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் அப்படி எழுதித் தரவில்லை. எனக்கு நல்ல நினைவு இருக்கிறது. வளைவைக் குழப்பவேண்டாம் என்று வாயாலும் சொன்னேன். நீங்கள் மறந்திருக்கலாம், ஐந்து மாதமாகிவிட்டது. உங்களைக் குறை சொல்லவில்லை. யாருக்கும் கைப்பழக்கம் வரும்.

திரும்ப அளப்பதற்கு இப்போது அவசரப்படவேண்டாம். நான் பேராசிரியருக்கு எழுதி விஷயத்தைச் சுமுகமாகத் தீர்த்துவிட்டேன். உரையில் என்னுடைய மலைக்காரனைப் பற்றி மட்டும் பேசப்போகிறேன். கண்டுபிடிப்பு போனது போனதுதான். ஆனால் கவனம் இல்லாதவள் என்ற பெயர் மட்டும் எனக்கு வரக்கூடாது, அண்ணை. அந்தப் பெயரோடு இந்தத் தொழிலில் ஒருவரும் வேலை தரமாட்டார்கள்.

அண்ணியையும் லக்‌ஷிகாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பிறேமினி


குட்மேய்ஸ் வீடு,
20.03.2025

பிறேமினிக்கு,

நீ சுமுகமாகத் தீர்த்த விதத்தை நேற்றுப் பார்த்தேன்.

வழக்கம்போல் போனேன். மிஸ்ஸிஸ் பெட்டிஃபர் கீழே வாசலுக்கே இறங்கி வந்து நின்றார். மனிசி நல்ல மனிசி, என் முகத்தைப் பார்க்கக் கஷ்டப்பட்டார். உன் பேராசிரியரிடம் இருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறதாம், அளவுகளில் சிக்கலாம். அது தெளியும்வரை நான் இழுப்பறைகளைத் தொடாமல் இருப்பது நல்லதாம். தனக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள், மன்னிக்கவேண்டும் என்றார். நான் கேட்டதற்கு அந்தக் கடிதத்தின் பிரதியையும் தந்தார். என் பெயர் வருகிறது, பார்க்க எனக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். பட்ஜை நானே கழற்றிக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை.

வீட்டில் லக்‌ஷிகாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். பேராசிரியரின் கடிதத்துக்குக் கீழே நீ அவருக்கு எழுதியதும் இருந்தது. பிள்ளை தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். "காட்டுப் பறவைகளை அளந்தவர் எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு தையல்காரர். நான் கொடுத்த முறையைப் பின்பற்றாமல், துணி அளக்கும் பழக்கத்தில் தன் விருப்பப்படி இறக்கைகளை அழுத்தியிருக்கிறார்." அந்த இடத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, மாமி இதில உங்களத் தன்ர அண்ணை எண்டு ஒரு இடத்திலயும் எழுதேல்ல."

மேலே வாசிக்கச் சொன்னேன். மேலே ஒன்றும் இல்லை, உன் கையெழுத்துத்தான்.

எனக்குக் கோபம் வந்தது, பிறேமினி. இப்போதும் இருக்கிறது. பயிற்சி இல்லாதவன் என்றாய், சரி. தையல்காரன் என்றாய், அதுவும் சரி. தன் விருப்பப்படி என்று எழுதினாயே, அதுதான் பொய். எண்பத்தாறு தரம் நான் என் விருப்பத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு உன் துண்டைப் பார்த்து அளந்திருக்கிறேன்.

இன்றைக்குக் கடைக்குப் போய்க் கம்பியில் இருந்து ஒக்டோபர்த் துண்டுகளைக் கழற்றினேன். இருக்கிறது. என் கடை அச்சுத் துண்டுதான். "கை நீளம்" என்று அச்சடித்ததில் "கை" என்ற சொல்லைக் கோடு போட்டு வெட்டிவிட்டுச் செட்டை என்று எழுதியிருக்கிறாய். கீழே படம். படத்துக்குக் கீழே, உன் எழுத்தில்: "மடியும் மூட்டிலிருந்து நுனிவரை. வளைவு இல்லாமல் ரூலரோடு நன்றாக அமத்தி அளக்கவும்." பதினாறாம் திகதி, உன் பெயரின் முதல் எழுத்து.

துண்டு இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. மியூசியத்துக்கு ஒரு மணித்தியாலப் பயணம். நான் இன்னும் போகவில்லை.

கஸ்பர் அண்ணை


சிம்பராசோ மலையடி,
21.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். படம் கீறியது எனக்கு இப்போது நினைவு வருகிறது. செத்த பறவைக்கு அமத்தி அளக்கிற ஒரு முறை இருக்கிறது. ஒக்டோபரில் என் கையில் இருந்த புத்தகம் அதைத்தான் சொன்னது. இங்கே வந்த இரண்டாம் நாள், பறவை பிடிக்கிற உள்ளூர் ஆள், உயிருள்ள செட்டையை அமத்தவேண்டாம், நோகும் என்று தடுத்தார். அன்றில் இருந்து நான் மாற்றிவிட்டேன். உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. அமத்தாமல் அளப்பதுதான் எப்போதும் என் முறை என்று நானே நம்பிவிட்டேன்.

அண்ணை, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். 27ஆம் திகதி முடியும்வரை அந்தத் துண்டை யாருக்கும் காட்டவேண்டாம். அதற்குப் பிறகு நானே எல்லாம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஒரு கிழமைதான். உங்களுக்கு அது ஒரு புதன்கிழமை. எனக்கு அது மிச்ச வாழ்க்கை முழுவதும்.

அண்ணையை ஏன் அண்ணை என்று எழுதவில்லை என்று லக்‌ஷிகா கேட்டாள் அல்லவா. சொந்த அண்ணனை வைத்து அளப்பித்தேன் என்றால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். வேறு காரணம் சொல்ல என்னிடம் இல்லை.

பிறேமினி


ஈஸ்ட் ஹாம்,
22.03.2025

பிறேமினிக்கு,

கும்பிடத் தேவையில்லை. இந்தக் கடிதத்தை லக்‌ஷிகா படம் பிடிக்கவில்லை. கூரியரில் கீற்றோ பல்கலைக்கழக விலாசத்துக்கு அனுப்புகிறேன். நீ உரைக்காக அங்கே இறங்கும்போது உன் கையில் கிடைக்கும்.

உள்ளே இருப்பது உன் துண்டு. அசல். நான் பிரதி எடுக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. லக்‌ஷிகா எடுக்கச் சொன்னாள், நான் விடவில்லை. இனி என் கம்பியில் அது இல்லை. கிழித்துப் போட்டாலும் கேட்க ஆள் இல்லை.

ஒரு புதன்கிழமைதானே என்று எழுதியிருக்கிறாய். வாற கிழமையில் இருந்து கடை புதனும் திறந்திருக்கும். வாடிக்கைக்காரருக்குச் சந்தோஷம்.

கஸ்பர்


கீற்றோ,
11.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு கிழமையாக எழுதவேண்டும் என்று நினைத்து, எழுத முகம் இல்லாமல் இருந்தேன்.

27ஆம் திகதி காலை பல்கலைக்கழக அலுவலகத்தில் உங்கள் கடித உறையைத் தந்தார்கள். பத்து மணிக்கு உரை. மேசையில் இருந்தபடி பிரித்தேன். அந்தத் துண்டில் உங்கள் கம்பி குத்திய ஓட்டை இருந்தது. வெட்டிய "கை"யும், என் எழுத்தும். கிழிக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அண்ணை. உங்களுக்கு அதை மறைக்க விரும்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கையில் வைத்தபடி நின்றேன்.

பிறகு அதைப் படம் பிடித்து என் உரையின் முதல் பக்கமாகப் போட்டேன். இதில் தமிழில் எழுதியிருப்பது அமத்தி அளக்கவும் என்பது, எழுதியது நான், பிறகு நானே முறையை மாற்றிவிட்டு அளந்தவருக்குச் சொல்லவில்லை என்று சொன்னேன். பேராசிரியருக்கு நான் எழுதியது பொய் என்றும் சொன்னேன். பிழையைக் கண்டுபிடித்தது அந்த அளந்தவர்தான், நாலு பழைய பறவைகளை வைத்து என்றும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. நேற்றுத்தான் அறிவித்தார்கள். பேராசிரியர் நேர்மையைப் பாராட்டுவதாக இரண்டு வரி எழுதினார், மூன்றாவது வரியில் செப்டம்பருக்குப் பிறகு என்ன திட்டம் என்று கேட்டிருக்கிறார்.

மிஸ்ஸிஸ் பெட்டிஃபருக்கு உரை முடிந்த அன்றே எல்லாவற்றையும் எழுதி, துண்டின் படத்தையும் அனுப்பினேன். உங்கள் இடத்தை உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும்படி கேட்டிருக்கிறேன்.

இனிப் பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அமத்துகிறதுக்கும் அமத்தாமல் விடுகிறதுக்கும் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் என்பதைப் பற்றியே ஒரு சிறிய கட்டுரை எழுதலாம் என்று இருக்கிறேன், மற்றவர்களும் விழாமல் இருக்க. அதில் உங்கள் பெயர் வரவேண்டும். எப்படிப் போடட்டும் என்று சொல்லுங்கள். "என் அண்ணை" என்று போட எனக்கு ஆசை.

நான் ஜூன் இரண்டாம் கிழமை வருகிறேன். என்னோடு கதைப்பீர்களா?

உங்கள் தங்கச்சி,
பிறேமினி


ஈஸ்ட் ஹாம்,
23.04.2025, புதன்

அன்பின் பிறேமினிக்கு,

பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை மிஸ்ஸிஸ் பெட்டிஃபர் தானே ட்ரெயின் பிடித்துக் கடைக்கு வந்தார். பட்ஜைக் கொண்டு வந்து வெட்டுமேசையில் வைத்தார். மன்னிப்புக் கேட்டார். நான் அதைத் திரும்பக் குத்தும்வரை போகமாட்டேன் என்று நின்றார். வந்த கையோடு ஒரு பாவாடை விளிம்பும் தைப்பித்துக்கொண்டு போனார்.

இன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். பதினொரு காட்டுக்காரனை அமத்தாமல் அளந்தேன். தாள் இதோடு இருக்கிறது. அறுபத்தேழரையைத் தாண்டிய ஆள் ஒருவன்தான். மலைக்காரனுக்குத்தான் செட்டை நீளம். மிச்சம் எழுபத்தைந்தையும் ஒவ்வொரு புதனும் அளந்து அனுப்புவேன். தொடங்கின வேலையை நான் பாதியில் விடுவதில்லை.

உனக்கு வேலை போனது எனக்குச் சந்தோஷம் என்று நினைக்காதே. அண்ணி அழுதாள். உயிர்த்த ஞாயிறு சாப்பாட்டில் உன் பெயரைச் சொல்லி எல்லோரும் செபித்தோம், நானும்தான்.

பிழை விட்டதற்கு எனக்குக் கோபம் இல்லை. நானும் இடக்கையை வலக்கையில் வைத்துத் தைத்திருக்கிறேன். நான் கேட்டபோது, ஒரு தரமும் யோசித்துப் பாராமல் "நான் எழுதித் தரவில்லை" என்றாயே, அது எனக்குள் இன்னும் கிடக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் அப்படிச் சொல்வார்கள், நான் தையலைப் பிரித்து விட்டுக் கொடுப்பேன், அவர்கள் போய்விடுவார்கள். நீ கடைக்கு வந்த ஆள் இல்லை. உனக்கு எதைப் பிரித்து விடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கதைப்பேனா என்று கேட்டிருந்தாய். வா. உன் அறை இருக்கிறது. எயார்போர்ட்டுக்கு அண்ணியும் லக்‌ஷிகாவும் வருவார்கள். நான் கடையில் இருப்பேன். கதைக்கிறது எப்போது என்று இப்போது சொல்ல ஏலாது.

பெயர் எப்படிப் போட என்று கேட்டாய். "கஸ்பர், தையல்காரர், ஈஸ்ட் ஹாம்" என்று போடு. அது உண்மை, அதில் எனக்கு வெட்கம் இல்லை. அண்ணை என்று போடவேண்டாம். அதைப் போடவேண்டிய கடிதத்தில் நீ போடவில்லை.

கஸ்பர்